மெட்ராஸிலிருந்து சிங்கப்பூருக்கு ஏழு மணி நேரம்

போன வாரம் உங்கள் டிராவல்ஸ் ஆபீசுக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டி எனக்கு ஒரு வரியைக் காட்டினார். திருச்சியிலிருந்து சிங்கப்பூர்: தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் நாலு மணிச் சொச்சம், இறங்கும்போது அங்கே மணி இவ்வளவு. மூன்றும் ஒரே வரியில் இருந்தன. "இதுல என்ன சார் அதிசயம்?" என்று கேட்டார். அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மூன்றாவது விஷயம், அதாவது இறங்கும்போது அங்கே மணி என்ன என்பது, எனக்குத் தெரியாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. அதனால் ஒரு மனுஷியின் பிழைப்பையே நான் கவிழ்க்கப் பார்த்தேன். கவிழாமல் போனதற்கு நான் காரணமில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் போய்த் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், பயண டிக்கெட் விற்கும் எங்கள் ஆபீஸ். மேனேஜர், டைப்பிஸ்ட், நான், ஆக மூன்று பேர். எங்களுக்குச் சோறு போட்டது கப்பல்தான். நாகப்பட்டினத்தில் ஏற்றிவிட்டால் ஒரு வாரத்தில் பினாங்கு, அதற்கப்புறம் சிங்கப்பூர். கறம்பக்குடிப் பக்கத்து ஆட்கள், கீரனூர், குன்றாண்டார்கோவில் பக்கத்து ஆட்கள் எல்லாம் டிரங்குப் பெட்டியோடு படியேறி வருவார்கள். விமான டிக்கெட் அப்போதுதான் தலைகாட்ட ஆரம்பித்திருந்தது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ விற்கும். விற்ற அன்றைக்கு மூன்று பேரும் காபி வாங்கிக் குடிப்போம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. விமானப் பயணத்தைப் பற்றி ஜனங்களுக்குப் புரியவைக்க வேண்டும் என்று ஒரு வேகம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் உலக உருண்டையை இரவல் வாங்கி வந்து, அதன்மேல் நூலை இழுத்துப் பிடித்து ஊருக்கு ஊர் தூரம் அளந்தேன். விமானக் கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்த மைல் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தத் தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தேன். பெரிய டிராயிங் தாளில் கறுப்பு மையில் ஊர்ப் பெயர், சிவப்பு மையில் மைல், நேரம். மெட்ராஸ்–சிங்கப்பூர், ஆயிரத்து எண்ணூறு மைல், ஏழு மணி நேரம். திருச்சி–கொழும்பு, இருநூற்று எண்பது மைல், இரண்டு மணி நேரம். சுவரில் ஒட்டிவிட்டேன். சந்தைக்கு வந்தவர்கள்கூடப் படியேறி வந்து பார்த்தார்கள். ஒருவர் ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்ப வழியில ஒரே ஒரு வேளைச் சாப்பாடுதானா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார். அவர் கப்பலிலேயே போனார்.

அந்த அட்டவணையை நம்பித்தான் அருளம்மாள் டீச்சருக்கு நான் டிக்கெட் போட்டேன்.

டீச்சர் ஆவூர்க்காரர். பழைய கிறிஸ்தவக் குடும்பம். யுத்தத்துக்கு முன்னாலேயே தகப்பனாரோடு சிங்கப்பூர் போனவர். தகப்பனாருக்குத் துறைமுகத்தில் வேலை. அவர் அங்கேயே இறந்துபோனார். டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவதும் ஐந்தாவதும் நடத்திக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தாமல் பேசுவார். பேசும்போது எதிராளியின் முகத்தை நேராகப் பார்ப்பார். விடுமுறையில் அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில், அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அம்மா கோலூன்றி நடக்கிறவரைக்கும் டீச்சர் கூடவே இருந்துவிட்டார்.

இருந்ததில் ஒரு சிக்கல். மலேயாப் பக்கம் குடியேற்ற விதிகளை இறுக்கிக்கொண்டு வந்த காலம் அது. அங்கே இருப்பவர்கள் ஊருக்கு வந்தால், திரும்பி உள்ளே போக ரீஎன்ட்ரி பெர்மிட் என்று ஒரு தாள் வேண்டும். அதில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் அந்த மண்ணில் கால் வைத்தாக வேண்டும். தாண்டினால் புது ஆள் கணக்கு. புது ஆளுக்குக் கதவு அநேகமாக மூடியே இருந்தது. டீச்சர் ஏற்கெனவே அம்மாவின் இடுப்பைக் காரணம் காட்டி ஒரு தடவை தேதி நீட்டி வாங்கியிருந்தார். இரண்டாம் தடவைக்கு எழுதிப்போட்டு, முடியாது என்று பதில் வந்துவிட்டது. கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை.

மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர் விமானம் வாரத்துக்கு ஒன்று, அதுவும் வியாழக்கிழமை. முந்தின வாரத்து விமானத்தில் இடமில்லை. சாயங்காலம் நாலு மணிக்குப் புறப்பாடு என்று மெட்ராஸிலிருந்து போனில் சொன்னார்கள். நான் சுவரைப் பார்த்தேன். நாலும் ஏழும் பதினொன்று. இரவு பதினொரு மணி, வியாழக்கிழமை முடிய இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. "கவலைப்படாதீங்க டீச்சர், ஒரு மணி நேரம் கையில இருக்கு" என்றேன். ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னேன்.

டிக்கெட்டை வாங்கிக்கொள்ள டீச்சர் வந்தது செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதுவரை எங்கள் ஆபீசுக்கு அவர் ஒரு தடவைதான் வந்திருந்தார். அன்றைக்குக் கூட்டம், அட்டவணையைப் பார்த்திருக்கவில்லை. இப்போது நான் டிக்கெட்டில் கையெழுத்து வாங்கப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தார்.

"நீங்க எழுதினதா தம்பி?"

"ஆமாங்க."

"எழுத்து நல்லா இருக்கு." மெட்ராஸ்–சிங்கப்பூர் வரியில் விரலை வைத்தார். பிறகு கேட்டார்: "இந்த ஏழு மணி, பறக்குற நேரமா, கடிகார நேரமா?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

"நான் கப்பல்ல வந்தப்ப, தெனமும் மத்தியானம் கொஞ்சங் கொஞ்சமாக் கடிகாரத்தைப் பின்னால தள்ளி வச்சாங்க. ஏன்னு கேட்டேன். நாகப்பட்டினம் வந்து சேர்றப்ப மொத்தம் ரெண்டு மணி நேரம் எனக்குக் கூடக் கெடச்சிருந்துச்சு." அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "போறப்ப அதைத் திருப்பிக் குடுக்கணும்ல?"

பேனாவைத் தேடுவதை விட்டுவிட்டு மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். சாயங்காலம் நாலு மணியோடு ஏழு மணி நேரம், அதோடு இன்னும் இரண்டு. சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே இரவு ஒரு மணி. வெள்ளிக்கிழமை. பெர்மிட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

கப்பல் டிக்கெட் எழுதிப் பழகியவன் நான். ஒரு வாரப் பயணத்தில் இரண்டு மணி நேரம் யார் கண்ணிலும் படாது. விமானத்தில் அது ஒரு நாளையே மாற்றிவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உங்களிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த நேரத்தில் "அதெல்லாம் விமானக் கம்பெனி பாத்துக்கும் டீச்சர்" என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை நம்பியிருப்பார். மேனேஜரும் ஊரில் இல்லை, தங்கை கல்யாணத்துக்கு மாயவரம் போயிருந்தார். டைப்பிஸ்டுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஐந்து நொடியோ ஆறு நொடியோ அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் நின்றது. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் சொல்ல முடியவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்" என்றேன். "நீங்க சொல்றதுதான் சரி. வெள்ளிக்கிழமை ஆயிடும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்றார். "வேற வழி பாருங்க."

"மேனேஜர் இல்லைங்க. திருச்சியில பெரிய ஆபீஸ் இருக்கு. அங்க அனுபவப்பட்டவங்க இருக்காங்க. அவங்ககிட்ட உங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி ஒப்படைச்சுடுறேன்."

"எதுக்கு? அவங்களுக்கு இதை முதல்லேருந்து சொல்லணும். எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஆளு நீங்கதான். நீங்களே பாருங்க."

தப்புச் செய்தவனிடமே வேலையைத் திருப்பிக் கொடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பின்னாட்களில் நானே மேனேஜரானபோதுதான் தெரிந்தது. என்னால் பல தடவை அது முடிந்ததில்லை.

உலக உருண்டையை மேஜைமேல் எடுத்து வைத்தேன். புதுக்கோட்டையில் விரலை வைத்துப் பார்த்தால் மெட்ராஸ் வடக்கே இருக்கிறது. தெற்கே கடலைத் தாண்டினால் கொழும்பு, அதுவும் அப்படியொன்றும் தூரமில்லை. திருச்சியிலிருந்து கொழும்புக்குத் தினம் காலையில் ஒரு சின்ன விமானம் போய்க்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஆயிரத்து எழுநூறு மைல். ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விமானம் புதன்கிழமை இரவு கொழும்பில் தங்கி, வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சிங்கப்பூர் புறப்படும் என்று எனக்குத் தெரியும். ஆறரை மணி நேரம் பறந்தால் நம் கடிகாரத்தில் மாலை ஆறரை. இந்தத் தடவை இரண்டைக் கூட்டினேன். சிங்கப்பூரில் இரவு எட்டரை, வியாழக்கிழமை.

அந்த வழியில் நம்மவர்கள் போவதில்லை. இலங்கைக்குள் நுழைய நம் ஆட்களுக்குக் கெடுபிடி. ஆனால் மேற்கொண்டு போகும் விமானத்துக்கு டிக்கெட் கையில் இருந்தால், ஊருக்குள் போகாமல் நிலையத்திலேயே காத்திருக்க விடுவார்கள் என்று திருச்சி விமான ஆபீசில் போனில் சொன்னார்கள். அந்த டிக்கெட்டுக்கு இடம் வேண்டும். இடம் உண்டா என்று சொல்ல வேண்டியது கொழும்பு.

கொழும்புக்குத் தந்தி எழுத உட்கார்ந்தேன். "ஒரு சீட் உண்டா?" என்று முதலில் எழுதினேன். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"சீட் இருந்தாலும் விமானம் வந்து சேரலைன்னா?"

அது நியாயம். ஐரோப்பாவிலிருந்து வருகிற விமானம் வழியில் எங்கே வேண்டுமானாலும் நின்றுபோகலாம். ஆகவே, சீட் உண்டா என்பதோடு, விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்றும் கேட்டு எழுதினேன். இன்றுவரை நான் எல்லோருக்கும் சொல்கிற யோசனை அது. எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டால் புத்தகத்தில் இருப்பதைத்தான் படிப்பார்கள். விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அதற்கு ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்ல முடியும்.

பதிலைத் திருச்சி விமான ஆபீசுக்கு அனுப்பச் சொல்லியிருந்தோம். மெட்ராஸ் ரயிலைப் பிடிப்பதானாலும் கொழும்பு விமானத்தைப் பிடிப்பதானாலும் திருச்சிக்குப் போய்த்தான் ஆக வேண்டும். புதன்கிழமை மத்தியானம் டீச்சரோடு நானும் பஸ் ஏறினேன். அவர் கையில் ஒரு தோல் பெட்டி, ஒரு துணிப்பை. கீரனூர் தாண்டுகிறவரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்தீங்களா, இப்படி ஒரு சிக்கல்னு?" என்று கேட்டேன்.

"இல்ல. சொன்னா, போக வேணாம், இங்கிட்டே இருந்துடுன்னு சொல்லும். எனக்கும் அதக் கேட்டா மனசு எளகிப்போகும்." துணிப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "ஜப்பான்காரன் காலத்துல பள்ளிக்கூடமே இல்ல தம்பி. துறைமுக ஆளுங்க குடியிருந்த லைன் வீட்டுல பதினேழு பிள்ளைங்களை உக்கார வச்சு, தரையில கரியால எழுதித்தான் சொல்லிக் குடுத்தேன். அப்பெல்லாம் நான் டீச்சர்னு எந்தத் தாளும் கெடையாது. அந்தப் பதினேழுல ரெண்டு பேரு இப்ப எங்கூடவே வாத்தியாரா இருக்காங்க. அவங்க ஒண்ணாவதுலேருந்து மூணாவது வரைக்கும் பாக்குறாங்க. நான் போகலைன்னா நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் ஆளு இல்ல. மூணாவதோட பிள்ளைங்களை நிறுத்திடுவாங்க."

திருச்சி வரும்வரை கொழும்புத் தந்தியின் நகலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தேன்.

திருச்சி விமான ஆபீசில் ராமநாதன் என்று ஒரு குமாஸ்தா. போனில் மட்டுமே பழக்கம். நேரில் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் வயதுதான். எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, "கொழும்புலேருந்து இன்னும் ஒண்ணும் வரலைங்க" என்றார்.

மணி நாலு. மெட்ராஸ் ரயில் ஏழு மணிக்கு. ராமநாதன் மறுபடி ஒரு அவசரத் தந்தி கொடுத்தார். ஐந்து அடித்தது. ஐந்தரை. தந்திக்காரர் ஒரு தடவை வந்து வேறு யாருக்கோ ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆறு மணிக்கு ஆபீஸ் மூட வேண்டும், ராமநாதன் மூடவில்லை.

நான் டீச்சர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "டீச்சர், கொழும்பு பதில் வரலை. சீட் இருக்கான்னே தெரியாது. நாளைக்கு அங்க போயி எறங்கி, இடமில்லைன்னு சொல்லிட்டா, அன்னிய தேசத்துல நடுவுல மாட்டிக்குவீங்க. மெட்ராஸ் சீட் உறுதி. ரயிலுக்குப் போயிடுவோம். ஒரு மணி நேரம்தான் லேட்டு. ஆபீசர்கிட்ட நடந்ததை எழுதி நான் ஒரு லெட்டர் தாரேன். தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேன். மனசு வச்சு விட்டாலும் விடுவாங்க."

ராமநாதனும் தலையசைத்தார். எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் பட்டது. கையில் இருப்பதை விட்டுவிட்டுக் காற்றில் இருப்பதைப் பிடிக்க யாருக்குத்தான் மனம் வரும்?

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மெட்ராஸ் போனா என்ன ஆகும்னு நமக்கு நல்லாத் தெரியும் தம்பி. ராத்திரி ஒரு மணிக்கு எறங்குவேன், பெர்மிட் செத்துப் போயிருக்கும். அதுக்கப்புறம் ஒரு ஆபீசரோட மனசு. கொழும்பு போனா என்ன ஆகும்னு தெரியாது. இதுல தெரியாததுதான் எனக்கு நல்லது."

"சீட் இல்லைன்னா டீச்சர்?"

"இல்லைன்னா திரும்பி வாரேன். அம்மா சந்தோஷப்படும்." லேசாகச் சிரித்தார். "அந்த மெட்ராஸ் சீட்டை விட்டுடுங்க. அடுத்த வாரம் வரைக்கும் காத்துக்கிட்டு யாராவது இருப்பாங்க. அவங்களுக்காவது ஆகட்டும்."

அதுதான் என்னை உலுக்கியது. தன் காலடி மண்ணே ஆடிக்கொண்டிருக்கும்போது, யாரோ முகம் தெரியாத ஒருவருக்கு இடம் கிடைக்கட்டும் என்று யோசிக்கிறார். இந்தத் தொழிலில் ஆயிரக்கணக்கான பேரை அனுப்பியிருக்கிறேன். அப்படிச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மெட்ராஸுக்கு ராமநாதன் போன் போட்டுக் கொடுத்தார். "வியாழக்கிழமை சீட் ஒன்று ரத்து" என்று நான் சொன்னேன். மறுமுனையில், "நிச்சயமா?" என்று கேட்டார்கள். டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். "நிச்சயம்" என்றேன்.

கொழும்பு வரைக்கும் போகும் சின்ன விமானத்துக்கு ராமநாதன் அப்போதே டிக்கெட் எழுதிக் கொடுத்தார். டீச்சர் இரவு ஒரு கன்னியர் மடத்தில் தங்கிக்கொண்டார். காலை ஏழு மணிக்கு நாங்கள் விமான நிலையத்தில் இருந்தோம். கொழும்பு விமானம் வெளியே நின்றுகொண்டிருந்தது. இருபது பேர் உட்காரக்கூடியது. பெட்டியை எடை போட்டார்கள், பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் மட்டும் வரவில்லை. டீச்சர் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் நாலு பேர், மூன்று பேர்.

அப்போது சைக்கிளில் ராமநாதன் வந்தார். விடியற்காலையே தந்தி ஆபீசுக்குப் போய்க் காத்திருந்து, வந்ததும் தானே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது அவர் வேலையில் சேர்ந்ததே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியதில் பேசவரவில்லை. தாளை என் கையில் கொடுத்தார். சீட் ஒன்று ஒதுக்கப்பட்டது, விமானம் கொழும்பு வந்து சேர்ந்துவிட்டது என்று இருந்தது. அதை வைத்து மேல் பயண டிக்கெட்டை அங்கேயே எழுதினோம். ராமநாதனின் முதுகில் தாளை வைத்துத்தான் நான் எழுதினேன். வேறு மேஜை கிடைக்கவில்லை.

டீச்சர் அதை வாங்கிப் பைக்குள் வைத்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருகி இரண்டு மணி நேரம் முன்னால் வைத்தார். "இப்பவே குடுத்துட்டேன்" என்றார். ராமநாதனுக்கு வணக்கம் சொன்னார். என்னிடம், "அம்மாவுக்கு நான் போயிச் சேர்ந்த சேதியை நீங்களே நேர்ல போயிச் சொல்லிடுங்க. தந்தின்னா பயந்துடும்" என்றார். போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஆபீசுக்குத் திரும்பி வந்து, முதல் வேலையாகச் சுவரிலிருந்து அட்டவணையை எடுத்தேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு யோசித்து, ஓரத்தில் இன்னொரு தாளை ஒட்டி, "அங்கே மணி" என்று தலைப்பெழுதி ஒவ்வொரு ஊராக நிரப்பினேன். இருட்டும்வரை பிடித்தது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வந்தார். கல்யாண வீட்டுப் பலகாரத்தை மேஜையில் வைத்தார். அவர் கோட்டைக் கழற்றி மாட்டி உட்காருவதற்குள் நான் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். டீச்சர் போய்ச் சேர்ந்தாரா இல்லையா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. அதை வேண்டுமென்றேதான் செய்தேன். நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்தபின் சொன்னால் அது சுவையான கதை ஆகிவிடும். தெரிவதற்கு முன்னால் சொன்னால்தான் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகும். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். முடிவு தெரிகிறவரை காத்திருக்காதீர்கள்.

மேனேஜர் கோபக்காரர். அன்றைக்குக் கோபிக்கவில்லை. எழுந்து போய் அட்டவணை முன்னால் நின்றார். புதிதாக ஒட்டிய பகுதியை விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார்.

"போன மாசம் நானும் ரெண்டு பேருக்கு இதைப் பாத்துத்தான் நேரம் சொன்னேன்" என்றார். "கறம்பக்குடிக்காரர் ஒருத்தரு, அடுத்த வாரம் போறாரு. அவரை எதிர்பாத்து ஒருத்தர் ஏர்போர்ட்டுல வந்து நிக்கணும். ரெஜிஸ்டரை எடு. யார் யாருக்கு மாத்திச் சொன்னோம்னு பாத்து, இன்னைக்கே லெட்டர் போடு."

என்னைக் கண்டிப்பதற்கு முன்னால் இன்னும் யாருக்கெல்லாம் கெடுதல் ஆகியிருக்கும் என்று பார்த்தார் அவர். கண்டிப்பு பிறகும் வரவில்லை.

ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் தந்தி வந்தது. கவரைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. மேனேஜர் வாங்கிப் பிரித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இரண்டே வார்த்தை: "ரீச்டு தர்ஸ்டே." வியாழக்கிழமை சேர்ந்தேன்.

எப்படிச் சேர்ந்தார் என்பது பிறகு வந்த கடிதத்தில் தெரிந்தது. கொழும்பில் ஏதோ இயந்திரக் கோளாறு, விமானம் ஒரு மணி நாற்பது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. இறங்கியபோது அங்கே இரவு பத்து பத்து. அதிகாரி பெர்மிட்டைப் பார்த்து, காலண்டரைப் பார்த்து, "கடைசி நாளில்தான் வர வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "அம்மாவோடு இருந்தேன்" என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அதிகாரி முத்திரை குத்திவிட்டார். கடிதத்தில் என் தப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ராமநாதனுடைய விலாசம் மட்டும் கேட்டிருந்தார்.

தந்தி வந்த கையோடு நான் ஆவூர் பஸ்ஸைப் பிடித்தேன். மாதா கோயிலுக்குப் பின்னால் ஓட்டு வீடு. டீச்சரின் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கோல் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. நான் யாரென்று சொன்னேன்.

"பிள்ளை போயிச் சேந்துட்டாளா?"

"நேத்தே சேந்துட்டாங்கம்மா. சேதி வந்துருக்கு."

"தோத்திரம் ஆண்டவரே." சிலுவை போட்டுக்கொண்டார். "எம்புட்டுத் தூரம்யா அது?"

"கொழும்பு சுத்திக்கிட்டு ரெண்டாயிரம் மைலும்மா."

"ஒரே நாள்லயா? நமக்குத் திருச்சி பஸ்ஸுல போனாலே தலை சுத்துது." நாளை விரலில் எண்ணிப் பார்த்தார். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் உண்டுல்ல?"

"உண்டும்மா."

"அப்ப ஒரு நாளும் வீணாக்கியிருக்க மாட்டா. காலையிலேயே போயிருப்பா. இந்நேரம் பாடம் நடத்திக்கிட்டு இருப்பா."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால்.

"இல்லம்மா" என்றேன். "அங்க இப்ப ஒண்ணே கால். பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, இப்பத்தான் சாப்பிட உக்காந்திருப்பாங்க."